தையல் வெளியே தெரிகிற சட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சுகமாக இருக்கிறோம், தையல் மெஷினுக்குத்தான் கொஞ்சம் இருமல், எண்ணெய் விட்டால் அதுவும் சரியாகிவிடும். நீயும் சுகம் என்றுதான் ஃபோனில் சொல்கிறாய், ஆனால் கேமராவை மேலே சுற்றுகிற ஃபேன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சொல்கிறாய். கையைப் பற்றிப் பேச்செடுத்தால் லைன் கட்டாகிவிடுகிறது. அதனால்தான் கடிதம், இதை நீ பாதியில் கட் பண்ண முடியாது.

நீ வேலை பார்க்கிற அந்த ஓட்டல் சமையலறையில் கொதிக்கிற எண்ணெய் உன் கையில் கொட்டியபோது நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லை. உனக்குக் காயம் ஆறிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை. போன வாரம் கடைக்குத் துணி கொடுக்க வந்த தோல் டாக்டரம்மாவை விடாமல் பிடித்து உட்காரவைத்து, என் மகளுக்குத் தழும்பு போய்விடுமா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. முழுசா போகாதுங்க, ஆனா நாளாக நாளாக நிறம் மங்கும், மேடு தணியும், ஒரு வருஷம் ரெண்டு வருஷம்கூட ஆகும், அவசரப்படக் கூடாது என்றார். அவர் போன பிறகு கத்தரிக்கோலைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன், அழுகை வந்தது, பெற்ற மகளிடம் சொல்ல என்ன வெட்கம். களிம்பைத் தடவி விரலால் மெதுவாக அழுத்தித் தேய்க்க வேண்டுமாம், வெயில் பட்டால் கறுத்துவிடுமாம், ஆஸ்பத்திரியில் கைக்குக் கொடுத்த இறுக்கமான உறையை அவர்கள் சொல்கிறவரை விடக் கூடாதாம், அரித்தால் சொறியவே கூடாதாம். கொசு கடித்த இடத்தையே புண்ணாக்கிக்கொள்கிறவள் நீ, நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்.

நான் தைத்து அனுப்பிய முழுக்கைச் சட்டையின் உள்தையல் தழும்பில் உராய்ந்து அரிக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாயாம், எனக்கு மனசு கஷ்டப்படும் என்று மறைத்தாயாம். அடி பைத்தியமே, குறை கேட்காத நாள் தையல்காரனுக்கு உண்டா. தையலை உள்ளே மறைப்பதுதான் நல்ல வேலை என்று இத்தனை வருஷமும் இருந்தவன் நான், அதே பழக்கத்தில் உனக்கும் தைத்துவிட்டேன். இப்போது மெத்தென்ற பருத்தியில், தையல் முழுவதும் வெளிப்பக்கம் வருகிற மாதிரி வெட்டியிருக்கிறேன், உள்ளே தடவிப் பார்த்தால் ஒரு நூல்கூடக் கையில் தட்டாது. சோதித்துப் பார்க்க முதலில் எனக்கே ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். பொத்தான் கடைக்காரர், என்ன மாஸ்டர், தூக்கக் கலக்கத்துல சட்டையைத் திருப்பிப் போட்டுட்டீங்களா என்றார், நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சட்டை கொஞ்சமும் உராயவில்லை, ஆனால் வீடு வரும்வரை என் தலை நிமிரவில்லை. வந்ததும் கழற்றிவிட்டேன். கழற்றிய பிறகுதான், நீ தினமும் பஸ்ஸில் ஏறும்போது எத்தனை பேர் உன் கையைப் பார்க்கிறார்களோ, உன்னால் அதைக் கழற்றி வைக்க முடியாதே என்று தோன்றியது.

தம்பி கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். லீவு கிடைத்துவிட்டதென்று உன்னோடு வேலை பார்க்கும் தோழி அம்மாவிடம் உளறிவிட்டாள், அவளைத் திட்டாதே. போட்டோ எடுப்பார்கள், சொந்தக்காரர்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள் என்று பயப்படுகிறாய். பார்ப்பார்கள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன், உன் பெரிய அத்தை வாய்க்குப் பூட்டுப் போட இன்னும் ஆள் பிறக்கவில்லை. அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். கல்யாணத்தன்று தையல் வெளியே தெரிகிற சட்டையில்தான் நான் வாசலில் நிற்பேன், அதுவும் கண்ணைப் பறிக்கிற சிவப்பு நூலில். வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்து முடிக்கட்டும், அப்புறம் பக்கத்தில் நிற்கிற உன்னைப் பார்க்க அவர்களுக்குத் தெம்பு இருக்காது. அப்ப மாப்பிள்ளையை யாருமே பார்க்க மாட்டாங்களா என்று தம்பி கேட்கிறான். அம்மாவுக்குத்தான் கோபம். பிள்ளை கல்யாணத்துல தையல்காரரே இப்படி நின்னா நாளைக்கு யார் துணி கொடுப்பா என்று கேட்டுவிட்டு அப்புறம் பேச்சே இல்லை. இன்று காலையில் கடையைத் திறந்தால், கல்யாணத்துக்கென்று அவள் எனக்காக எடுத்து வைத்திருந்த சட்டைத் துணி மெஷின் மேல் மடித்து இருக்கிறது, அதன் மேல் சிவப்பு நூல்கண்டு. இன்னும் என்னிடம் பேசவில்லை.

உன் சட்டைக்கு உடம்பை மட்டும் தைத்து வைத்திருக்கிறேன். முழுக்கையா அரைக்கையா என்பது உன் இஷ்டம், எது சொன்னாலும் அரை மணியில் வைத்துக் கொடுத்துவிடுவேன். நோய் நொடியில்லாமல், யாருக்கும் கூசாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசியும் அதுதான். களிம்பை மறக்காதே, வெயிலில் குடையில்லாமல் போகாதே, டிக்கெட் எடுத்ததும் கூப்பிடு. அந்த ஃபேனை நாங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டோம், இனி உன்னைக் காட்டு.

இப்படிக்கு,
உன் முகத்தையும் கையையும் சேர்த்தே பார்க்கக் காத்திருக்கும்
அப்பா