இடது பக்கத்துக் கீறல்கள்

இன்று காலை சமையலறை ஜன்னல் வழியாகத் தின்னர் மணம் வந்தது. பக்கத்து வீட்டுச் சேட்டன் தன் ஸ்கூட்டரின் மட்கார்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் குழம்பு கொதித்தது, நான் ஜன்னலில் நின்றேன். அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் நகர்ந்தேன். நீங்கள் போய் நாற்பத்திரண்டு நாள் ஆகிறது.

நான் அழவில்லை என்று எல்லோருக்கும் குறை. காரியத்துக்கு வந்தவர்கள் என் காதில் விழும்படியே, "கல்லு மாதிரி இருக்காளே" என்றார்கள். பேசட்டும். நம் பெண் கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வாரம் இருந்து பார்த்தாள். "அழுதுடும்மா, உள்ளேயே வெச்சுக்காதே" என்று தினமும் ஒருதரம் சொன்னாள். வந்தால் அழ மாட்டேனா? பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல மரத்துக் கிடக்கிறது. கிள்ளினாலும் தெரியவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கண்ணைப் பற்றியது. நீங்கள் இருந்தவரை எனக்கு வாய் வரவில்லை.

முதல் கீறலை உங்களுக்கு நினைவிருக்கும். ஃபியட் வாங்கி நாலைந்து வருஷம் இருக்கும். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று இடது பக்கக் கதவை ஒரு முழ நீளத்துக்கு இழுத்துவிட்டது. நீங்கள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளும் மோர்சாதம் மட்டும். வீட்டில் இழவு விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டீர்கள். "சாரமில்லை, ஒரு கோடுதானே" என்றேன். "உனக்கென்ன தெரியும்?" என்று சீறினீர்கள். எதற்கெடுத்தாலும் சாரமில்லை, சாரமில்லை என்று மலையாளத்தில் பரவாயில்லை சொல்கிற மனுஷனுக்கு அந்தச் சாம்பல்நீல வண்டி விஷயத்தில் மட்டும் அந்த வார்த்தை கிடையாது.

கொச்சங்காடி ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு பெயிண்டர் வந்து, நம் முற்றத்திலேயே வைத்துச் சரி செய்து கொடுத்தார். நீங்கள் துறைமுக ஐலண்டில் ஆபீசுக்குப் போயிருந்தீர்கள். அவருக்குச் சாயா கொடுத்துவிட்டு நான் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தேன். "நனைச்சுத்தான் தேய்க்கணும் சேச்சி. அவசரப்பட்டா அத்தனையும் போச்சு" என்றார். சோப்புத் தண்ணீரில் முக்கியெடுத்த வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் கீறலின் ஓரத்தை முதலில் மழுக்கினார். பள்ளத்தில் தோசை வார்ப்பதைவிட மெல்லிசாகப் பட்டி இழுத்தார், காய்ந்ததும் மறுபடி தேய்த்தார், பிறகு பிரைமர், அதற்கு மேல் கலர். கடைசியில் பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தபோது கீறலைக் காணோம். மீந்த பெயிண்டையும் பட்டியையும் என்னிடமே விட்டுப் போனார்.

சாயந்திரம் வந்து பார்த்தீர்கள். ராத்திரி மூன்றுதரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அப்போதுதான் என் புத்தி கெட்டது.

அடுத்த கீறலை நான்தான் பார்த்தேன். எழுபத்தொன்பதாக இருக்க வேண்டும். துணி உலர்த்தப் போனவள், வண்டிக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள சந்தில் நுழைந்தேன். இடது பின்கதவில் விரல் நீளத்துக்கு ஒரு உரசல், அதில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ஏதோ மதிலில் தேய்த்திருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியவில்லை. வழக்கம்போல வலது பக்கம் இறங்கிக் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டீர்கள். சொன்னால் இன்னும் ரெண்டு நாள் பட்டினி கிடப்பீர்களே என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சீட்டாட நடந்து போனதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் தடவை கேவலமாக வந்தது. திருப்பிச் சுரண்டி இன்னொரு தடவை செய்தேன். கை பழகிவிட்டது. நீங்கள் திரும்பி வருவதற்குள் பாலிஷ் வரை முடித்துவிடுவேன். மணத்துக்குப் பதில் சொல்ல, மிச்சப் பெயிண்டை வாசல் கேட்டில் இரண்டு இழுப்பு இழுத்து வைப்பேன். "இந்தக் கேட்டுக்குக் கல்யாணமாடீ? வாராவாரம் மேக்கப் போடறியே!" என்று நீங்கள் கேலி செய்தது ஞாபகம் இருக்கிறதா? நானும் சிரித்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் மாட்டிக்கொண்டேன். ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் காயக்காயப் பால் போல வெளுத்துவிட்டது. முன்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. துடைக்க எழுந்திருப்பதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். மழைக்குச் சீட்டுக்கச்சேரி சீக்கிரம் கலைந்துவிட்டதாம். பேப்பர்க்காரன் கூப்பிட்டானென்று அந்தச் சந்து வழியாகவே கேட்டுக்கு நடந்து போனீர்கள். வண்டி உங்கள் இடது கைப்பக்கம். அந்தத் திட்டு உங்கள் தோளில் இடிக்காத குறை. நின்று பேப்பரைப் பிரித்தீர்கள், மழையைத் திட்டினீர்கள், உள்ளே வந்து காப்பி கேட்டீர்கள்.

தப்பித்தேன் என்று பகவதிக்கு நெய்விளக்கு வைத்தேன். வைத்தேன், சத்தியமாக.

மூன்று வருஷத்தில் பதினோரு இடம். எல்லாம் இடது பக்கம். ஒரு தடவையாவது, ஏன் இடது பக்கமே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? நம் சந்து குறுகல், கிடங்குக்காரர்களின் லாரி நடுவழியில் நிற்கிறது, வயசாகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சீக்கிரம் தேய்த்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

பிறகு இன்னொரு கைவண்டிக்காரர். பட்டப்பகலில், கொச்சங்காடி வளைவில், இடது பக்கத்திலிருந்து வந்தவர். நம் வண்டி மோதிக் கால் முறிந்து ஆறு மாதம் படுத்துக் கிடந்து எழுந்தார். "ஆகாசத்திலேர்ந்து குதிச்சாப்பல வந்தான், நான் பார்க்கவே இல்லைடீ" என்று நடுங்கினீர்கள். நான் நம்பினேன். கண் டாக்டர் நம்பவில்லை. விளக்கை அடித்து, சுவரில் புள்ளி காட்டி, நெடுநேரம் சோதித்தார். கண்ணுக்குள் அழுத்தமாம். இடது கண் ஏறக்குறைய போய்விட்டது, வலதிலும் தொடங்கிவிட்டது என்றார். போனது திரும்பாது. வலி இருக்காது, ஓரத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாக அரித்துக்கொண்டு வரும், ஆசாமிக்கே தெரியாது என்றார். அப்புறம் கேட்டார்: "வண்டியிலே முன்னாடி எப்பவாவது உரசல் இருந்ததா? இடது பக்கமா?"

"பத்து வருஷமா ஓட்டறேன் டாக்டர். கைவண்டிக்காரன் ஒருத்தன் இழுத்தான், அதைத் தவிர ஒரு கீறல் கிடையாது" என்றீர்கள்.

நிஜமாக நம்பித்தான் சொன்னீர்கள். டாக்டர் எழுதிக்கொண்டார். "ரெண்டு மூணு வருஷம் முன்னாலே தெரிஞ்சிருந்தா, சொட்டுமருந்திலேயே நிறுத்தியிருக்கலாம்" என்று எழுதிக்கொண்டே சொன்னார். நான் மடியில் இருந்த பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலது கண்ணும் இரண்டு வருஷத்தில் போயிற்று. அதற்கப்புறம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தேன். பேப்பர் வாசித்துக் காட்டினேன். "உன்னை மாதிரி யார் பார்த்துப்பா" என்பீர்கள். அதைக் கேட்டால் எனக்கு எழுந்து எங்காவது ஓடிப்போகலாம் போலிருக்கும். தினமும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சாப்பிட்டு முடியட்டும், தூங்கி எழட்டும், பெண் வந்து போகட்டும் என்று தள்ளித் தள்ளி, இப்போது உங்களையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சொல்ல வேண்டிய ஒரு நாள் இருந்தது. வண்டியை விற்ற நாள். வாங்க வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதிலே ரீபெயிண்ட் எதாவது உண்டோ சார்?" என்றார். உங்களுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. கம்பை என் கையில் கொடுத்துவிட்டு, தடவித் தடவி வண்டியைச் சுற்றி வந்து இடது பக்கம் நின்றீர்கள். முன்கதவில் கை வைத்து, பின்கதவு தாண்டி, டிக்கி வரை மெல்ல இழுத்துக்கொண்டே போனீர்கள். நான் உங்கள் விரல்களையே பார்த்தேன். ஒரு இடத்தில்கூட அவை நிற்கவில்லை.

"நீங்களும் தடவிப் பாருங்கோ. ஒரு மனுஷன் வண்டியை எப்படி வெச்சுக்கணும்னு தெரியும்" என்றீர்கள். கண் போன பிறகு உங்கள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்து, "ஏண்டீ, நீயே சொல்லு. ஒரு கீறலாவது உண்டா?" என்று கேட்டீர்கள்.

"இல்லை" என்றேன்.

பதினோரு இடம் இருந்தது. இப்போதும் கண்ணை மூடினால் என் விரல் ஒவ்வொன்றையும் தேடிப் போய்த் தொடுகிறது.