பக்கத்து அறைக்கு வந்த எபோ

அன்புள்ள அராபா,

நலமாக இருக்கிறேன். எனக்கு இருமல் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இன்று காலை நம் சால்ட்பாண்ட் கடற்கரை நினைவுக்கு வந்தது. நாடு இன்னும் வெள்ளைக்காரன் ஆட்சியில் கோல்டு கோஸ்டாக இருந்தபோது நடந்த முதல் தேர்தல். லாரிக் கூரைமேல் நின்று சுதந்திரம், சுதந்திரம் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். மீன்காரி ஒருத்தி கேட்டாள்: "ஏப்பா, சுதந்திரம் வந்தா மீனு தானா கரையேறி வருமா?"

பக்கத்தில் நின்ற நம் கட்சித் தோழன் எபோதான் முந்திக்கொண்டு, "வராதுக்கா! ஆனா நீ புடிச்ச மீனுக்கு வெள்ளைக்காரன் வெல சொல்லமாட்டான்!" என்றான். கடற்கரையே சிரித்தது. நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகத்தான் மறுநாளே உன் அப்பாவிடம் பெண் கேட்டு வந்தேன். தனியாக வரப் பயந்து எபோவையும் கூட்டிக்கொண்டு.

சுதந்திரம் வந்த பிறகு நானும் அவனும் அமைச்சரானோம். கட்சியைக் கேள்வி கேட்டேன் என்று என்னைச் சிறையில் வைக்க ஆணை வந்தது. அதில் யார் கையெழுத்து இருந்தது என்று உனக்குத் தெரியும்.

நேற்று, கையெழுத்துப் போட்ட அந்த எபோவையும் கொண்டுவந்து பக்கத்து அறையில் அடைத்தார்கள். கட்சிக்கு இப்போது அவனும் துரோகி. இரவில் சுவருக்கு அப்பாலிருந்து, "அண்ணே, என்மேல கோவமா?" என்றான்.

அவனைக் கேட்க இத்தனை நாள் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால், "செவுத்த ஒட்டிப் படுக்காதடா, ஈரம் நெஞ்சுல எறங்கிடும்" என்றேன். அவன் அழுதான்.

உனக்குக் கோபம் வரும். இருந்தாலும் அடுத்த முறை வரும்போது புளித்த சோளமாவுக் கென்கியும் பொரித்த மீனும் இரண்டு பேருக்குக் கொண்டு வா. அவனுக்குக் காரம் சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும்.

என்றும்,
உன்னுடையவன்