சீராக்கிய குரல்

மார்ச் 11, காலை 07:30. மருத்துவ அறை

எழுதுபவர்: டாக்டர் எமிலியானா கர்வாலோ, கப்பலின் மனநல மருத்துவர். கடல் அமைதி. காய்ச்சல், காயம் எதுவும் இல்லை. என் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. எழுபத்தொரு வயதில் கப்பலேறியவள் அதையும் எழுதியாக வேண்டும்.

இதைப் பின்னால் படிப்பவருக்கு: இந்தக் கப்பல் கடலடியிலிருந்து உலோகக் கட்டிகளை அள்ளுகிறது. கீழே இறங்குபவர்கள் வாரக்கணக்கில் மேல்தளத்து இரும்பு அறை ஒன்றில் வாழ்கிறார்கள். கடலடியில் என்ன அழுத்தமோ அதே அழுத்தம் அந்த அறைக்குள்ளும். அறையோடு பொருத்திய கூண்டில் ஏறினால் நேரே கீழே இறக்கலாம். சாதாரண அழுத்தத்துக்கு அவர்களைத் திருப்பப் பல நாள் பிடிக்கும், அவசரப்பட்டால் சாவு. உள்ளே சுவாசிப்பது ஹீலியம் கலந்த வாயு. அதனால் குரல் வாத்து கத்துவதுபோல் வரும். அதை 'சீராக்கி' என்ற கருவி மனிதக் குரலாக மாற்றி வெளியே தருகிறது.

இப்போது உள்ளே ஒரே ஒருவர். ரெமிஜியுஸ் வாஸ், தூத்துக்குடி, வயது முப்பத்து நான்கு. ஒன்பது நாள் முன்பு கீழே அவருடைய இணையாள் இன்னாசியின் வாயுக் குழாய் பாறைக்கடியில் சிக்கிக்கொண்டது. ரெமிஜியுஸ் அவர் கையைப் பிடித்திருந்தார். மேலிருந்து உத்தரவு போனது. கையை விட்டுவிட்டுக் கூண்டுக்குத் திரும்பினார். உடல் இன்னும் கீழேதான்.

நேரம் வீணாகுமாம், அதனால் அவரை வெளியே எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். எதிரே இன்னாசியின் காலிப் படுக்கை. அடுத்த முறை இணையாக இயந்திரக் கை இறங்குமாம்.

கேள்வி கேட்டு, பதில் சொல்லும் குரலை வைத்து மனநிலையை அளக்கும் மதிப்பீட்டு இயந்திரத்தின் இன்றைய முடிவு: பணிக்குத் தகுதி.

மார்ச் 11, மாலை 16:05

ஒலிபெருக்கி வழியே அரை மணி நேரம் பேசினேன். அவர் சொன்னது:

"டாக்டரம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன். எப்ப எறக்கப் போறாவன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

கெட்ட கனவு வருகிறதா என்று இயந்திரம் கேட்டது, இல்லை என்றார். இயந்திரம் திருப்தி அடைந்துவிட்டது. தூங்குகிறாரா என்று அது கேட்கவில்லை. நான் கேட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கிறார். தூங்காதவனுக்குக் கனவு எங்கிருந்து வரும்?

வாயுவைத் திறக்கும்போது வரும் சீறல் கேட்டதும் இரண்டு கைகளும் கழுத்துக்குப் போகின்றன. விபத்தைச் சொல்லச் சொன்னேன். வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். மறுபடி கேட்டேன். அதே சொற்கள், அதே வரிசை. சாப்பாட்டுத் தட்டு இரண்டு கேட்டு வாங்குகிறார்.

இது துக்கம் என்கிறார்கள். துக்கம் எனக்குத் தெரியும். என் கணவரைப் புதைத்தவள் நான். துக்கத்தில் போனவர் போய்விட்டார் என்பது உடம்புக்குத் தெரியும். இந்த மனிதனின் உடம்புக்கு விபத்து இன்னும் முடியவில்லை. கடும் மனஉளைச்சல் எதிர்வினை என்று எழுதினேன். தகுதிச் சான்றில் கையெழுத்திட மறுத்தேன்.

மார்ச் 12, காலை 10:20

தலைமை அலுவலகத்தின் செய்தி: "அதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறு என்று முடிவு செய்ய அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். விபத்து நடந்து பத்து நாளே ஆகிறது. எனவே நோய் இல்லை. சான்றை அனுப்பவும்."

என் துறையின் விதியை எனக்கே சொல்லித் தருகிறார்கள், அதுவும் பாதியை. ஒரு மாதம் பொறுங்கள் என்பது மருத்துவருக்குச் சொன்னது. பலர் தாமாகவே தேறிவிடுவார்கள். அவசரப்பட்டு முத்திரை குத்தாதே என்பதற்காகச் சொன்னது. முதல் மாதத்தில் வருவதற்கும் பெயர் உண்டு, வைத்தியம் உண்டு. எலும்பு முறிந்தவனிடம், இன்னும் மாவுக்கட்டு போடவில்லை, அதனால் முறிவு இல்லை, மூட்டையைத் தூக்கு என்பார்களா?

இறக்கப் பொறுப்பாளர் பரஞ்சோதி வந்தார். கையை விடச் சொல்லி அன்று உத்தரவிட்டவர் அவர்தான். "மேடம், நான் என்ன பண்றது? மெஷின் ஓகேங்குது, ஆபீஸ் ஓகேங்குது, அவனே ஓகேங்குறான். நீங்க ஒருத்தர்தான் இல்லங்கறீங்க."

ஆமாம். நான் ஒருத்திதான்.

மார்ச் 13, காலை 09:00

சீராக்கியை அணைத்துவிட்டு அவருடைய அசல் குரலைக் கேட்டேன். வாத்துக் குரல்தான். சொற்கள் பாதிதான் புரிந்தன. ஆனால் இன்னாசியின் பெயர் வரும் இடத்தில் மூச்சு அறுந்தது. ஒவ்வொரு முறையும். குரல் நடுங்கி, ஒடிந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. சீராக்கியைப் போட்டேன். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போலிருந்தார்.

மதிப்பீட்டு இயந்திரத்தின் இணைப்பு வரைபடத்தைப் பார்த்தேன். அது கேட்பது சீராக்கியைத் தாண்டி வரும் குரலை. மனிதன் உடைந்திருப்பதைக் காட்டும் எல்லாவற்றையும் முதல் கருவி துடைத்துவிடுகிறது. துடைத்ததைக் கேட்டு, சுத்தமாக இருக்கிறது என்று இரண்டாம் கருவி சான்று தருகிறது. இத்தனை வருடம் இந்த அறையிலிருந்து தகுதி பெற்று இறங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் வீடு திரும்பியும் திரும்பாதவர்கள் எத்தனை பேர்?

மார்ச் 13, மாலை 18:40

இதைத் தலைமை அலுவலகத்திடம் பேசியே சொன்னேன். கத்தினேன். மறைக்கவில்லை. பதில் உடனே வந்தது:

"மருத்துவரின் குரலை இயந்திரம் ஆய்ந்தது. எரிச்சல், கட்டுப்பாடின்மை, மிகை விழிப்பு. மனஅழுத்தக் கோளாறு எனத் தெரிகிறது. கையெழுத்து அதிகாரம் நிறுத்தப்படுகிறது. ஓய்வெடுங்கள் அம்மா."

அம்மாவாம்! என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, முகவரியும் இருக்கிறது. அது நோயாகாது.

நாளை மறுநாள் பகல் அவரை இறக்கப்போகிறார்கள்.

மார்ச் 14, முற்பகல் 11:30. நுழைவறை

அவசரத்துக்கு உள்ளே போக மருத்துவருக்குச் சாவி உண்டு. அதைத் திரும்பக் கேட்க மறந்துவிட்டார்கள். ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மூன்று நாளாகக் கேட்டேன், யாரும் அனுப்பவில்லை. நானே போகிறேன். உள் அழுத்தத்துக்கு என்னைக் கொண்டுவர நான்கு மணி நேரம் ஆகும்.

பரஞ்சோதி கண்ணாடிக்கு வெளியே கையை ஆட்டுகிறார். "மேடம், வேணாம். உங்க வயசுக்கு இது தாங்காது." தாங்காவிட்டால் அதற்கும் ஒரு சான்று எழுதிக்கொள்ளட்டும்.

மார்ச் 14, மாலை 16:10. அழுத்த அறை

மூட்டுகளில் எண்ணெய் வற்றியதுபோல் வலி. எலும்பு வரை குளிர். நான் பேசியதும் ரெமிஜியுஸ் சிரித்துவிட்டார்.

"டாக்டரம்மா, ஒங்க சத்தத்துல திட்டு வாங்குனா வாத்துக்குக் கோவம் வந்த மாதிரி இருக்கு."

"வாத்து கடிக்கும். தெரியுமில்ல?" என்றேன். இன்னும் சிரித்தார். அந்தச் சிரிப்பின் கடைசியில் ஒரு விசும்பல் இருந்தது. நடுவில் எந்தக் கருவியும் இல்லாமல் கேட்டேன்.

மார்ச் 15, காலை 08:00

தினசரிக் குரல் சோதனை. நானும் பேச வேண்டியிருந்தது. தலைமை அலுவலகத்தைப் பற்றி எனக்குத் தோன்றியதையெல்லாம் சொன்னேன். வெளியே ஒலித்தது ஒரு சாந்தமான பெண்ணின் குரல். இயந்திரத்தின் முடிவு: மருத்துவர் நலம், அதிகாரம் திரும்ப அளிக்கப்படுகிறது.

பரஞ்சோதி: "மேடம், மெஷினே உங்கள கிளியர் பண்ணிடுச்சு. சிரிக்கிறதா அழறதான்னு தெரியல."

உடனே எழுதி அனுப்பினேன். ரெமிஜியுஸ் வாஸ்: பணிக்குத் தகுதியற்றவர். இறக்கம் ரத்து. இன்றே அழுத்தம் குறைக்கத் தொடங்க வேண்டும். பரஞ்சோதி முதல்முறையாக மறுபேச்சில்லாமல், "சரி மேடம், எறக்கல," என்றார்.

மார்ச் 15, பகல் 12:50

ரெமிஜியுஸிடம் சொன்னேன். இனி இறங்க வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றேன். ஆறுதலடைவார் என்று நினைத்தேன். இன்னாசியின் காலிப் படுக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அவன யாரு கூட்டிட்டு வருவா?"

எப்ப எறக்கப் போறாவ என்று இத்தனை நாள் கேட்டதை அலுவலகம் வேலை ஆர்வம் என்று எழுதிக்கொண்டது. நான் என்னவென்று எழுதினேன்? எதுவும் எழுதவில்லை.

பகல் 13:25

கூண்டின் கதவுக்குப் போகிறார். இறக்கம் ரத்தானதால் கூண்டை அறையிலிருந்து கழற்றி மேல்தளத்தில் வைத்துவிட்டார்கள், கதவுக்கு வெளியே வெறும் காற்று. கடலடியில் இருக்கிறோம் என்று நினைக்கிறார். அந்த வழியில் உள்ள வால்வைத் திறந்தால் அறையின் அழுத்தம் முழுவதும் ஒரு நொடியில் வெளியேறும். இருவரும் மிஞ்ச மாட்டோம். வெளியிலிருந்து பூட்ட வழியில்லை. பரஞ்சோதி இருவரை நுழைவறைக்குள் அனுப்பியிருக்கிறார். அவர்கள் என்னிடம் வர நான்கு மணி நேரம்.

கதவில் முதுகை அழுத்தி உட்கார்ந்துவிட்டேன்.

14:10

இது கப்பல் என்கிறேன். தரையைத் தொடு என்கிறேன். உன் மகள் பெயரைச் சொல் என்கிறேன். சொல்கிறார். ஜெனிட்டா. இரண்டு நிமிடம் இங்கே இருக்கிறார். வாயு சீறுகிறது. மறுபடி அங்கே போய்விடுகிறார். வாயுவை நிறுத்தச் சொல்ல முடியாது. அதில்தான் இருவருக்கும் மூச்சு.

14:35

பென்சில் பிடிக்க விரல் மடங்கவில்லை. மரியாதை குறையாமல் கேட்கிறார்.

"டாக்டரம்மா, கொஞ்சம் எந்திரிங்க. அவன் கைய நீட்டிக்கிட்டு நிக்கான்."

மாட்டேன்.

14:50

என் தோளில் கை வைத்திருக்கிறார். வாயு சீறும்போதெல்லாம் கழுத்துக்குப் போன கை. இப்போதும் வாயு சீறுகிறது, கை நகரவில்லை.

"எந்திரிங்கம்மா."

மாட்டேன். ஜெனிட்டா என்று சொல். சொல்லு ரெமி. இன்னொரு முறை