தாடைத் தழும்பு தெரியும்வரை

ஆல்பத்திலிருந்து உரித்த உன் போட்டோவை உன் மகள் இன்று காலை கொண்டுவந்தாள். பதினாறாம் நாள் காரியக் கார்டில் போடுவதற்கு. ஸ்கேனரில் வைத்து மூடினேன். இந்தப் புது மெஷினுக்கு ஒரு வாசனையும் கிடையாது. நம்முடையது சூடானால் இஸ்திரிப்பெட்டி வாசம் அடிக்கும், நினைவிருக்கிறதா?

பாறசாலை ஸ்டேஷன் ரோட்டு டி.டி.பி. கடையில் நீயும் நானும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். தொண்ணூறுகளின் கடைசி. கல்யாண ஆலோசனைக்குப் பெண் போட்டோ வந்தால் யாரும் கேட்காமலேயே பிரைட்னஸை இருபது ஏற்றிவிடுவது அங்கே வழக்கம். யாருடைய அம்மாவும் அதற்குக் குறை சொன்னதில்லை.

உன் போட்டோவுக்கு நான் நாற்பது ஏற்றினேன். என் தோழியாயிற்றே! பிரிண்டை உன் வீட்டில் கொடுத்துவிட்டுப் பெருமையோடு நடந்துபோனது வேறு.

பனச்சமூட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா போட்டோவைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள். "போட்டோவில உள்ளது வேற ஆளாக்கும்" என்றாள். தேயிலைத் தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். அப்புறம் பதில் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நான், எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்றது நீ.

இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அதே போட்டோவை ஸ்கேனர் கண்ணாடியில் வைத்து, பிரைட்னஸை நீயே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாய்.

"கொஞ்சமாவது ஏத்துட்டி" என்றேன்.

"நீ என்னை வெளுப்பிக்கல்ல பிள்ளே. அழிச்சுப்போட்ட."

என் பிரிண்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாய். சிறு வயதில் அம்பூரி ரப்பர் தோட்டத்தில் விழுந்து வந்த தாடைத் தழும்பு அதில் இல்லை. மூக்கின் நிழலும் இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. நீ கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டினாய், குறைத்தாய், மறுபடி கூட்டினாய். ஒவ்வொரு தடவையும் விளக்கு கண்ணாடிக்கடியில் ஊர்ந்து முடிக்கக் காத்திருந்தோம். கடைசியில் திரையில் அந்தத் தழும்பு தெரிந்தது.

"ம். இப்பம் நான் உண்டு" என்றாய்.

அடுத்து வந்த வீட்டார் அந்தப் பிரிண்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். "போட்டோவில உள்ளதுபோலத்தான் இருக்கா" என்று அந்த அம்மா சொன்னதும் அடுக்களை வாசலில் நின்ற என்னைப் பார்த்துக் கண்ணடித்தாயே, அதோடு என் குற்றம் தீர்ந்தது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை. இத்தனை வருஷமும் ஊர்க்கதையெல்லாம் பேசினோம், அதை மட்டும் பேசவில்லை.

இன்று உன் மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னாள்: "சித்தி, அம்மைக்க முகத்தைக் கொஞ்சம் வெளுப்பிச்சுப் போடணும். நாலுபேரு பாக்கியதாக்கும்."

"வேண்டாம் மக்கா" என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும், என் நாற்பதையும் சேர்த்து.

இந்த மெஷின் யாரும் கேட்காமலேயே முகத்தை வெளுப்பிக்கிறது, அன்றைய என்னைப்போல. திரையில் அதற்கான டிக்கை எடுத்துவிட்டேன். பிறகு உன் மகள் மவுஸை வாங்கிக்கொண்டாள். கூட்டினாள், குறைத்தாள், மறுபடி கூட்டினாள்.

தாடையில் தழும்பு தெரிந்தது. அவள் திரையில் அதைத் தொட்டாள்.

இப்பம் நீ உண்டு பிள்ளே. என்னை மன்னிச்சிரு.