எஸினாம் மேடம் உனக்காகக் கேட்டது

அன்பு மகள் செலாசிக்கு,

நானும் உன் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே பெர்கன் குளிரில் உன் மூக்கும் காதும் கழன்று விழாமல் அதனதன் இடத்தில் இருக்கும் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, மரவள்ளி நன்றாக வந்திருக்கிறது, பக்கத்து வீட்டு ஆடு நம் வேலியைத் தன் சொத்தென்று நினைக்கிறது, அதற்கும் அம்மாவுக்கும் தினமும் சண்டை, இதுவரை ஆடுதான் ஜெயிக்கிறது. எஸினாம் மேடம் போய்விட்டதை அம்மா போனில் சொன்னாள், ஆனால் பாதி அழுகை, பாதி சிக்னல் கோளாறு, உனக்கு என்ன புரிந்திருக்கும். சனிக்கிழமை அடக்கம் நல்லபடியாக முடிந்தது. நிறைந்து வாழ்ந்தவர் என்பதால் வெள்ளையும் கறுப்புமாக உடுத்தி, மேளத்தோடு அனுப்பிவைத்தோம். அக்பிளேக் களியும் வெண்டைக்காய்க் குழம்பும் குறைவில்லை.

அவர் பள்ளி நூலகத்தில் இருந்த காலமெல்லாம் அடுத்த அறையில் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். கதவைத் திறக்குமுன் ஜெபம், பூட்டிய பின் ஜெபம், நடுவில் கரையானுக்கு எதிராகத் தனி ஜெபம். கரையான் ஜெபத்தோடு மண்ணெண்ணெயும் தெளிப்பார். ஏன் மேடம், ஜெபம் மட்டும் போதாதா என்று சீண்டினால், “கேக்கறதும் தெளிக்கறதும் என் வேலை, கொல்றது அவர் வேலை மாஸ்டர்” என்பார். புத்தகத்தைத் திருப்பித் தராத பிள்ளைகளுக்கு அபராதம் கிடையாது, காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபிப்பார். “ஆண்டவரே, உம்ம பிள்ளை செலாசி முதலைப் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கா. அவளைத் தண்டிக்காதேயும். தூக்கம் மட்டும் வர வேண்டாம்.” அன்று மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு நீ வீட்டுக்கு ஓடியது நினைவிருக்கிறதா?

நீ நர்சிங் படிக்க அக்ராவுக்குப் போன அந்த வருடம் நடந்ததை அம்மா உனக்கு முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாள். கடைசி வகுப்புப் பெண்கள் காலைக் கூட்டத்தில் ஒருத்தி மாற்றி ஒருத்தி மயங்கி விழ ஆரம்பித்தார்கள். அப்போது ஃபுட்பால் மைதானத்தில் கூடாரம் போட்டு எழுப்புதல் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த எலிகெம் என்ற தீர்க்கதரிசி, பேய் பள்ளி நூலகத்தில்தான் இருக்கிறது, பழைய சாமிகளைப் பற்றிய கதைப் புத்தகங்களுக்குள் குடியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். நம் சபையின் பெண்கள் குழுத் தலைவி ஃபஃபாலி முன்னால் நடக்க, பெற்றோர் எல்லாம் புத்தகங்களைக் கொளுத்தக் கிளம்பி வந்தார்கள். ஊரிலேயே அதிகம் ஜெபிக்கிறவர் என்பதால் முதல் தீக்குச்சியை எஸினாம் மேடம்தான் கிழிப்பார் என்று எல்லோருக்கும் நினைப்பு. அவரோ கதவை மறித்து நின்றார். “தீர்க்கதரிசியாரே, இந்த ரூம்ல நான் தினமும் முழங்கால் போடறேன். உள்ள ஒரு பேய் இருந்திருந்தா இதுக்குள்ள ஞானஸ்நானமே வாங்கியிருக்கும்.” ஃபஃபாலிகூடத் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தீர்க்கதரிசி சிரிக்கவில்லை. “நீ யார் பக்கம்?” என்று கத்தினார். “ஆண்டவர் பக்கம். கொளுத்தச் சொல்லணும்னா எனக்கும் காது இருக்கே, சொல்லியிருப்பார்” என்று சொல்லிவிட்டு மேடம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார், என்னைத் தாண்டித்தான் போகணும் என்று. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பக்கத்தில் நின்றேன் என்று எழுதத்தான் ஆசை.

கூட்டம் கலைந்தது. ஆனால் அந்த வாரமே சபையில் அவரைப் பாடகர் குழுத் தலைமையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். “என்னைத் திட்டட்டும் மாஸ்டர், பாட்டை ஏன் எடுத்துக்கிட்டாங்க?” என்றார். மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மயங்கி விழுந்த பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். விஷயம் சின்னதுதான். பரீட்சையில் பாஸாக வேண்டுமானால் நோன்பு இருக்கச் சொல்லியிருக்கிறார் தீர்க்கதரிசி, பிள்ளைகள் வீட்டுக்குத் தெரியாமல் பட்டினி கிடந்திருக்கின்றன. சாப்பிடச் சொன்னால், நோன்பை முறித்தால் சாபம் வரும் என்று அழுதார்களாம். மேடம், “நோன்பு முறியாது. பரீட்சை முடியறவரை உங்க நோன்பை எல்லாம் நான் இருக்கேன், நீங்க சாப்பிடுங்க” என்று சொல்லி, ஒரு வேர்க்கடலையைக்கூட உள்ளே விடாத அந்த நூலகத்தில் சோளக் கஞ்சி ஊற்றினார். சொன்னபடி தான் பகலெல்லாம் பச்சைத் தண்ணீரோடு இருந்தார். பிள்ளைகள் தேறினார்கள், பாஸும் ஆனார்கள். அவர் சட்டைதான் கோணியாகத் தொங்கியது. மயக்கம் நின்றதும் தீர்க்கதரிசி கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு ஊர் பார்த்துப் போனார்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நம் ஊரில் அதெல்லாம் வழக்கமா என்ன. மேடம் கோவிலில் கடைசி பெஞ்சில், நான் வழக்கமாகத் தூங்கும் இடத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் பாடுவார். ஒரு ஞாயிறு ஃபஃபாலி எழுந்து வந்து அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் இன்னும் சிலர். கடைசியில் பாடத் தெரிந்தவர்கள் எல்லோரும் பின்னால், முன்னால் வெறும் நாற்காலிகள். போதகர் வேறு வழியில்லாமல், பாட்டைப் பின்னாலிருந்தே ஆரம்பியுங்கள் என்றார். என் தூக்கம் அன்றோடு போயிற்று.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். குரல் கம்மியிருந்தது, வாய்த்துடுக்கு குறையவில்லை. மேலே போய் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். “வாசிக்கப் போறேன். இங்க எங்க விட்டீங்க?” என்றார். உங்களுக்கு ஜெபிக்கட்டுமா மாஸ்டர் என்று அவரே கேட்டார். எனக்கு ஒன்றும் வேண்டாம் மேடம் என்றேன். சரி என்று கண்ணை மூடி, “ஆண்டவரே, செலாசி அந்தக் குளிர்ல யார் வீட்டுப் பெரியவங்களையோ குளிப்பாட்டிப் படுக்க வைக்கிறா. அவ கை சில்லிட்டுப் போகாம பாத்துக்கும். அவ அப்பன், மக தன்னைக் கேக்காம போயிட்டாள்னு கோவமா இருக்கற மாதிரி போனை அம்மா கையில குடுத்துட்டுப் போறான், அதை நம்பாதேயும். அவ வர்ற பாதையையேதான் பாத்துட்டு இருக்கான்” என்றார். நான் ஆமென் சொன்னேன், அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். கம்பளிக் காலுறை போடு, காலையில் ரொட்டியோடு முட்டையும் சாப்பிடு. டிசம்பருக்கு இப்போதே லீவு எழுதிக் கொடு. இனி ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் நான்தான் எடுப்பேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா சென்யோ