வெங்காயத் தோலும் கன்னத்துத் திசுவும்

ஆகஸ்ட் 11, திங்கள்

எரிச்சல் அடங்கவில்லை. இன்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் திசுக்கள் செய்முறை வகுப்பு எடுத்தேன். தாவரத் திசுவுக்கு வெங்காயத் தோலை உரித்து ஸ்லைடு போட்டார்கள். விலங்குத் திசுவுக்கு அவரவர் கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் லேசாகச் சுரண்டி எடுத்தார்கள். முத்துச்செல்வியின் கன்னத்து ஸ்லைடில் மட்டும் செல்களுக்கு மேல் கரும்புள்ளிகள். மேலிருந்து டார்ச் அடித்தால் வெள்ளியாக மினுங்கின. பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பவுடர். தீபாவளி சீசன் என்பதால் நேற்று முழுக்கத் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறாள்.

"ஏலே, இங்கன மத்தாப்பு தெரியுதுலே!" என்று ஒருவன் சிரித்தான்.

"கையைக் கழுவிட்டு வேற போடும்மா" என்றேன்.

"கழுவிட்டுத்தான் சார் வந்தேன். இதே கையாலதான வெங்காயமும் உரிச்சேன்? அது சுத்தமாத்தான இருந்துச்சு?" குரலைத் தாழ்த்தினாள். "அப்போ இது வாய்க்குள்ளயா சார் இருக்கு?"

பார்த்துச் சொல்கிறேன் என்று மழுப்பினேன்.

தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. "ஸ்லைடைக் கழுவி வச்சிருங்க தம்பி. இதைக் கிளறுனா அந்தப் பிள்ளை படிப்புதான் நிக்கும். கம்பெனி நிக்காது."

அந்த ஆள் சொன்னது உண்மை என்பதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

நாளை அவள் மறுபடி கேட்பாள். ஆமாம், வாய்க்குள்தான் என்று சொல்லிவிடுவேன். சனிக்கிழமை லீவு; விடியுமுன் கம்பெனி வேன் வரும். தெரிந்துகொண்டே ஏறுவாள்.