பத்து ஆம்ப் இடத்தில் பதினாறு

ஏப்ரல் 8, செவ்வாய்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். பதினான்கு வருடமாக என் மனைவி யோருனிடம் ஒரு பொய்யைக் காப்பாற்றி வருகிறேன். பெண் விவகாரமாக இருந்தால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். இது ஃப்யூஸ் விவகாரம்.

ஏப்ரல் கடைசியில் எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து தெருவைச் சுத்தம் செய்வோம். முடிந்ததும் வாஃபிள்: சூடான இரும்பு அச்சில் மாவு ஊற்றிச் செய்யும் இனிப்புத் தோசை. சுடுவது நான். சமையலறை ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, தோட்டத்து மேஜையில் இரண்டு வாஃபிள் இரும்பு, ஒரு காப்பி மெஷின். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை மூன்றையும் ஒன்றாகப் போட்டேன், ஃப்யூஸ் போயிற்று. கையில் மாவுக்கரண்டி, எதிரே முப்பது பேர். பக்கத்து வீட்டு ஹால்வார் என்னைக் காட்டிச் சொன்னான்: "ஔடுன் வீட்டுக் கரண்டும் அவனை மாதிரிதான், அரை மணிக்கு மேல தாங்காது."

அன்றைக்கே நிலவறைக்குப் போய் பத்து ஆம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டுப் பதினாறு போட்டேன். பெரியது நுழையக் கூடாதென்று அடியில் ஒரு பீங்கான் வளையம் வைத்திருப்பார்கள். அதையும் மாற்றினேன். யோருனிடம், "எலக்ட்ரீஷியன் வந்து சரி பண்ணிட்டான்" என்றேன்.

இன்று மின் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. 24ஆம் தேதி வீட்டு மின்சாரத்தைச் சோதிக்க ஆள் வருகிறார்களாம்.

ஏப்ரல் 9

யோருன் கடிதத்தைப் படித்துவிட்டாள். "அறுபத்திரண்டுல அப்பா போட்ட ஃப்யூஸ் பெட்டி. எனக்கே அதைவிட வயசு கம்மி. ஆள் வர்றதுக்குள்ள புதுசு மாத்திடலாம்."

வீடு அவள் அப்பா கட்டியது. பழைய பெட்டி பழைய விதிப்படி சரியாக இருந்தால் போதும், இன்றைய விதிக்கு மாற்ற வேண்டியதில்லை என்று கால் மணி நேரம் விளக்கினேன். எந்த எலக்ட்ரீஷியனும் அதைத் திறந்து பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

"சட்டம் கேக்கல, யோருன்."

"சட்டத்து மேல உனக்கு இவ்வளவு பாசமா? நேத்துகூட வண்டியை வளைவுல நிறுத்தின."

ஏப்ரல் 11

வேலிக்கு அப்பாலிருந்து ஹால்வார்: "யோவ், பழைய பெட்டி எல்லாத்தையும் மாத்தியே ஆகணும்யா. புது விதி."

"எங்க படிச்ச?"

"மச்சான் சொன்னான்." மச்சான் படகு விற்கிறவன்.

உட்கார்ந்து இரண்டு மணி நேரம் விதிகளைப் படித்தேன். ஆச்சரியம், நான் சொன்னதுதான் சரி. பழையது இருக்கலாம், புதிதாக ஒரு இணைப்பு இழுத்தால் அதை மட்டும் இன்றைய விதிப்படி செய்ய வேண்டும். அடுத்த வரியில் இருந்தது சனி: ஃப்யூஸ் ஒயரின் தடிமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃப்யூஸ் போகாது, ஒயர் சூடாகும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சாப்பாட்டுக்குப் பின் சமையல் மேடைக்குப் பின்னால் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு. பிரமையா? இன்னொரு கை வைத்தேன். அதற்கும் அப்படித்தான். இந்தச் சுவருக்கு நேர் மேலே எங்கள் படுக்கை. பதினான்கு வருடமாக அதன் கீழே ஒரு மெல்லிய ஒயரை வறுத்துக்கொண்டிருக்கிறேனா?

ஏப்ரல் 14

பத்து ஆம்ப் ஃப்யூஸ் வாங்கப் போனேன். கடைக்காரர் "எதுக்கு?" என்று கேட்டார். பேட்டரி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஏப்ரல் 19

ஈஸ்டர். மலை வீட்டில் இருக்கிறோம். கிளம்பும்போது அந்த ஃப்யூஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன். ஃப்ரிட்ஜும் அதே ஃப்யூஸில்தான் ஓடுகிறது என்பது பாதி மலையில்தான் ஞாபகம் வந்தது.

ஈஸ்டர் விடுமுறையில் எல்லாரும் கொலைக்கதை படிப்பது எங்கள் ஊர் வழக்கம். யோருன் முப்பதாம் பக்கத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டாள். எப்படி என்றேன். "கேக்காமலே விளக்கம் சொல்லிட்டிருக்கான் பாரு, அவன்தான்."

ஏப்ரல் 21

ஃப்ரிட்ஜைப் பற்றி எழுத விரும்பவில்லை. ஃப்யூஸ் மறுபடி அதன் இடத்தில்.

ஏப்ரல் 24

சோதிக்க வந்தது ஒரு பெண், பெயர் சூனிவா. முப்பது வயதுதான் இருக்கும். ஷூவைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் சாக்ஸோடு நிலவறைக்கு இறங்கினாள். பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள்.

"சமையலறைக்குப் பத்துன்னு எழுதியிருக்கு, உள்ள பதினாறு இருக்கு. யார் மாத்தினது?"

யோருன் எனக்குப் பின்னால் படியில் நின்றிருந்தாள். 'முன்னால இருந்தவங்க' என்று நுனி நாக்கில் வந்தது. முன்னால் இருந்தது அவள் அப்பா.

"நான்தான்," என்றேன். சொன்னதும் வாய் நிற்கவில்லை. "சுவர்கூடச் சூடா இருக்கு."

"எந்தச் சுவர்?" — இது யோருன்.

"நம்ம படுக்கைக்குக் கீழ."

சூனிவா எங்கள் இருவரையும் பார்க்காமல் எழுதினாள். "பெட்டியை மாத்தணும்னு கட்டாயம் இல்லீங்க. அந்தக் காலத்து வேலைக்கு நல்லாவே இருக்கு. ஆனா எலக்ட்ரீஷியன் வந்து உள்ள என்ன ஒயர்னு பாத்து எழுதிக் குடுக்கணும். அதுவரைக்கும் பத்துதான்."

அவள் போனபின் யோருன் மெதுவாகச் சொன்னாள், "பதினாலு வருஷமா அது மேலதான் தூங்கியிருக்கேன்."

"நானும்தானே."

"நீ தெரிஞ்சு தூங்கின."

கடைக்குப் போய், இந்தத் தடவை பேட்டரி இல்லாமல், பத்து ஆம்ப் ஃப்யூஸே வாங்கி வந்து போட்டேன்.

ஏப்ரல் 25

அவள் ஹாலில் படுத்தாள். நான் மேலே. ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் தூங்கவும் இல்லை.

ஏப்ரல் 26, சனி

தெருவைச் சுத்தம் செய்தோம். பத்து ஆம்ப்பில் ஒரு நேரத்துக்கு ஒரு வாஃபிள் இரும்புதான். வரிசை தபால் பெட்டிவரை நின்றது. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் யோருன் பொறுமையாக, ஒன்று விடாமல் விளக்கினாள், ஃப்ரிட்ஜ் உட்பட. ஹால்வார் மூன்றாவது வாஃபிளுக்கு வந்தபோது, "என்ன பதினாறு, ஜாம் இல்லையா?" என்றான். இனி எனக்கு அதுதான் பெயர் போலிருக்கிறது.

சாயங்காலம் யோருன் எலக்ட்ரீஷியன் அனுப்பிய விலைப்பட்டியலை மேஜையில் வைத்தாள். முழுப் பெட்டியும் புதிது.

"சட்டம்—" என்று ஆரம்பித்தேன்.

"சட்டம் கேக்கல. நான் கேக்கறேன்."

கையெழுத்துப் போட்டேன்.

மே 13, செவ்வாய்

ரோஆர் என்ற எலக்ட்ரீஷியன் காலையிலிருந்து வேலை செய்தான். பழைய பெட்டி வாசலில் கிடக்கிறது. சுவரில் வெள்ளையாகப் புதியது. நேற்று போனில் அவன் தேதியை உறுதி செய்ததுமே யோருன் தலையணையை மேலே கொண்டுவந்துவிட்டாள். நான் அரை அங்குலம்கூட நகராமல் படுத்திருந்தேன்.

கிளம்பும்முன் ரோஆர் மேடைக்குப் பின்னால் பலகையைக் கழற்றிப் பார்த்தான். யோருன் இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை.

"சூடு வெந்நீர்க் குழாயோடது," என்றான். "ஒயர் ரெண்டரை எம்.எம். இந்த வீட்டைக் கட்டினவர் அப்பவே தடிமனாப் போட்டிருக்காரு. பதினாறை இது தாராளமாத் தாங்கும்."